காக்ளியர் இம்ப்ளாண்ட் உள்ளவர்களுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடும் மனச்சோர்வில் சோற்றையும் தண்ணீரையும் மறுத்துப் படுத்திருக்கும் ஒருவருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை தேவை என்று மனநல மருத்துவர் சொல்கிறார். அவருடைய காதுக்குப் பின்னால் இருக்கும் காக்ளியர் இம்ப்ளாண்டை, அதாவது காது கேளாதவருக்கு ஒலியை உணர்த்த அறுவை செய்து பொருத்தும் மின்கருவியைப் பார்த்த மயக்க மருத்துவர், கருவியோடு வந்த கையேட்டைக் கொண்டுவரச் சொல்கிறார். கையேட்டிலோ இந்தச் சிகிச்சை கூடவே கூடாது என்று எழுதியிருக்கிறது. பல குடும்பங்கள் தவித்து நிற்பது இந்த இடத்தில்தான். கீழே உள்ள பதில்கள் அவர்களுக்காகவும், அவர்களோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய மருத்துவப் பணியாளர்களுக்காகவும் எழுதப்பட்டவை. மின்னதிர்ச்சி சிகிச்சையை இனி, மருத்துவமனைகளில் வழங்கும் பெயரால், இ.சி.டி. என்றே குறிப்பிடுகிறேன்.

காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்தியவருக்கு இ.சி.டி. கொடுக்கலாமா, கூடாதா?

பொது விதி, கூடாது என்பதே. ஆனால் நோயே உயிரைப் பறிக்கும் நிலைக்கு வந்து, மருந்துகள் பலன் தராமல், காத்திருக்க நேரமும் இல்லாதபோது, உரிய முன்னேற்பாடுகளுடன் சிலருக்கு இ.சி.டி. கொடுக்கப்பட்டிருக்கிறது. கருவிக்குச் சேதம் ஏற்படவில்லை என்ற மருத்துவப் பதிவுகளும் வெளிவந்திருக்கின்றன. எனவே இம்ப்ளாண்ட் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பேச்சையே முடித்துவிடுவதும் தவறு, அது இருப்பதைக் கவனியாமல் வழக்கம்போல் சிகிச்சையைத் தொடங்குவதும் தவறு. மனநல மருத்துவர், மயக்க மருத்துவர், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், ஆடியாலஜிஸ்ட் என்னும் செவித்திறன் வல்லுநர் ஆகிய நால்வரும் நோயாளியோடும் குடும்பத்தாரோடும் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

இ.சி.டி.யின்போது தலையில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது?

1938-இல் ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூசியோ பினியும் முதன்முதலாக இதைச் செய்தபோது மயக்க மருந்தும் இல்லை, தசைத் தளர்த்தியும் இல்லை. இன்று நோயாளி முழு மயக்கத்தில் இருக்கிறார், தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின் போன்ற மருந்து தரப்படுகிறது, முகமூடி வழியே ஆக்சிஜன் செலுத்தப்படுகிறது. அதன் பிறகே நெற்றியிலோ நெற்றிப்பொட்டிலோ வைத்த இரண்டு மின்முனைகள் வழியாக, பெரும்பாலும் 800 முதல் 900 மில்லியாம்பியர் அளவிலான மின்சாரம், ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கும் குறுந்துடிப்புகளாகச் சில விநாடிகளுக்கு மட்டும் செலுத்தப்படுகிறது. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாது. அதனால் செலுத்தியதில் பெரும்பகுதி தலைத்தோல் வழியாகவே ஓடிவிடுகிறது, சிறு பகுதிதான் மூளையை எட்டி வலிப்பைத் தூண்டுகிறது. அந்த வலிப்பே சிகிச்சை.

மின்சாரம் தலைத்தோல் வழியாக ஓடுகிறது என்பதை இங்கே நினைவில் நிறுத்த வேண்டும். ஏனென்றால் இம்ப்ளாண்டின் உட்பகுதி இருப்பது அந்தத் தோலுக்கு அடியில்தான்.

இம்ப்ளாண்டின் எந்தப் பகுதி தலைக்குள் இருக்கிறது?

காதில் மாட்டும் ஒலிவாங்கி, ஒலியை மின்குறிகளாக மாற்றும் பிராசஸர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டக் காயில் (கம்பிச் சுருள்) ஆகிய மூன்றும் வெளிப்பகுதி. அவற்றைக் கழற்றிவிடலாம். காதுமடலுக்குப் பின்புறம் சற்று மேலே, தோலுக்கும் எலும்புக்கும் இடையில் புதைத்திருக்கும் தட்டையான ஏற்பிதான் உட்பகுதி. அதனுள் ஒரு காந்தமும் மின்னணுச் சுற்றும் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பி, காதுக்குப் பின்னுள்ள எலும்பைக் குடைந்து அமைத்த வழியாகச் சென்று, நத்தை வடிவ உட்காதாகிய காக்ளியாவுக்குள் நுழைகிறது. கம்பியின் நுனிப்பகுதியில் பிளாட்டினத்தால் ஆன நுண்ணிய மின்முனைகள் வரிசையாக அமைந்திருக்கும். தயாரிப்பைப் பொறுத்து அவை 12, 16 அல்லது 22 இருக்கலாம். சில மாதிரிகளில் தரை மின்முனை என்ற தனிக் கம்பி ஒன்று நெற்றிப்பொட்டுத் தசைக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கும். இ.சி.டி. மின்முனையை வழக்கமாக வைக்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பது இந்தத் தனிக் கம்பிதான்.

பிராசஸரைக் கழற்றிவிட்டால் கருவி அணைந்துவிடுமே, பிறகு என்ன ஆபத்து?

அணைந்துவிடும் என்பது உண்மை. பெரும்பாலான இம்ப்ளாண்டுகளின் உட்பகுதியில் பேட்டரி கிடையாது. வெளியே உள்ள காயில் தோலைத் தாண்டி அனுப்பும் வானொலி அலைகளே அதற்கு உயிர். காயிலை எடுத்ததும் உள்ளே இருப்பது உறங்கும் கருவி. ஆனால் உறங்கும் கருவியும் உலோகம்தான், கம்பிதான். வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அது உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று தெரியாது. எளிதாகக் கடக்க ஒரு பாதை கிடைத்தால் அது அந்த வழியே பாயும். கழற்றுவது கட்டாயம் என்றாலும் அதுவே பாதுகாப்பாகிவிடாது.

அப்படிப் பாய்ந்தால் என்ன கெடுதி நேரலாம்?

அளவுகளை ஒப்பிட்டால் அச்சத்தின் காரணம் விளங்கும். காக்ளியாவுக்குள் ஒலியை உணர்த்த இம்ப்ளாண்ட் பயன்படுத்தும் மின்சாரம், உச்ச அளவிலும்கூட, ஏறக்குறைய 2 மில்லியாம்பியருக்குள் அடங்கிவிடும். இ.சி.டி.யோ அதைப்போல் நானூறு மடங்குக்கு மேல். அந்த முழு அளவும் காக்ளியாவுக்குள் போவதில்லை, ஒரு சிறு பங்கே போகக்கூடும். ஆனால் அந்தச் சிறு பங்கே அங்குள்ள நரம்பணுக்களுக்கு அதிகமாகிவிடலாம்.

முதல் கவலை திசு. கம்பி வழியே மின்சாரம் உள்ளே வடிந்தால், கேட்கும் நரம்பின் முனைகள் பாதிக்கப்படலாம், மிச்சமிருக்கும் இயற்கைக் கேள்வித்திறன் குறையலாம். முகத் தசைகளை இயக்கும் முகநரம்பு இந்தக் கம்பி செல்லும் வழியை ஒட்டியே ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டாவது கவலை கருவி. ஏற்பியின் மின்னணுச் சுற்று கெட்டால், அதைத் திறந்து பழுதுபார்க்க முடியாது. மறுபடியும் அறுவை சிகிச்சை செய்து புதிய கருவி வைக்க வேண்டும். பழைய கம்பியை உருவிய காக்ளியாவில் புதியதை அதே நேர்த்தியோடு செலுத்த முடியும் என்ற உறுதியும் இல்லை.

மூன்றாவது கவலை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இம்ப்ளாண்ட் அறுவையின்போது காதுக்குப் பின்னுள்ள எலும்பைக் குடைந்திருப்பார்கள். எலும்பு முழுதாக இருக்கும் தலையில் மின்சாரம் ஓடும் விதமும், குடைந்த இடமும் உலோகமும் உள்ள தலையில் ஓடும் விதமும் ஒன்றாக இருக்காது. மின்முனையை அதற்கு அருகில் வைத்தால் மின்சாரம் வேறு பாதையில் விலகி, கருவியை ஆபத்துக்குள்ளாக்குவதோடு வலிப்பும் சரியாகத் தூண்டப்படாமல் போகலாம். பிறகு அளவைக் கூட்ட வேண்டிவரும்.

தயாரிப்பு நிறுவனங்களே கூடாது என்று எச்சரிக்கும்போது மருத்துவர் எப்படி முடிவெடுக்க முடியும்?

அந்த எச்சரிக்கை வெறும் சம்பிரதாயமல்ல. திசுவுக்கோ கருவிக்கோ சேதம் வரலாம் என்று காரணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கருவியைச் செய்தவர் அதன் பக்கத்து ஆபத்தைத்தான் சொல்ல முடியும். எதிரே படுத்திருப்பவர் உணவின்றி எத்தனை நாள் தாங்குவார், தற்கொலை எண்ணம் எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது, கேட்டடோனியா என்னும் உறைநிலையில் அவர் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் கையேட்டுக்குத் தெரியாது. கேள்வித்திறன் மிக அருமையானது, அதற்காகப் போராடியவர்களுக்கு அது இன்னும் அருமை. ஆயினும் உயிரை ஒரு தட்டிலும் கருவியை மறு தட்டிலும் வைத்து நிறுக்கும் நிலை வந்தால், எந்தத் தட்டு தாழும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. அந்த நிலை உண்மையிலேயே வந்துவிட்டதா என்று கண்டறிவதுதான் கடினமான வேலை.

கருவியின் மாதிரிப் பெயரைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளரிடம் எழுத்துமூலமாக ஆலோசனை கேட்டு, அவர்கள் தரும் பதிலை நோயாளியின் கோப்பில் வைக்க வேண்டும்.

இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகள் எவ்வளவு நம்பகமானவை?

கிடைத்திருப்பவை பெரும்பாலும் தனிநபர் மருத்துவப் பதிவுகளே. மின்முனைகளை இம்ப்ளாண்டுக்கு எதிர்ப்புறத்திலோ நெற்றியின் இரு பக்கங்களிலோ வைத்துச் சிகிச்சை தந்ததாகவும், கருவி தொடர்ந்து வேலை செய்ததாகவும் அவை சொல்கின்றன. இவை நம்பிக்கை தருகின்றன, ஆனால் உத்தரவாதம் தருவதில்லை. நல்லபடி முடிந்தவை எழுதப்படுவதும், மோசமாக முடிந்தவை எழுதப்படாமலே போவதும் மருத்துவ இதழ்களில் உள்ள இயல்பு. எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கும்போது, சேதமே நேராது என்று சொல்லும் மருத்துவரை விட, சேதம் நேரலாம், அதைக் குறைக்க இன்னின்ன செய்கிறோம் என்று சொல்பவரே நம்பத் தகுந்தவர்.

மின்முனைகளை எங்கே வைப்பது பாதுகாப்பானது?

இந்தக் கட்டுரையில் நடைமுறைக்கு மிகவும் தேவையான கேள்வி இதுதான். வழக்கமான இருபக்க முறையில் இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் மின்முனை வைப்பார்கள். கண்ணின் வெளிமூலைக்கும் காதின் முன் இருக்கும் சிறு குருத்தெலும்புக்கும் இடையில் கோடு போட்டு, அதன் நடுப்புள்ளிக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர் மேலே வைப்பது வழக்கம். இம்ப்ளாண்ட் உள்ள பக்கத்தில் இது ஏற்பிக்கும் தரை மின்முனைக்கும் மிக அருகில் வந்துவிடுகிறது. ஆகவே இந்த முறையைத் தவிர்ப்பதே நல்லது.

நினைவாற்றல் பாதிப்பைக் குறைக்க வேண்டி, வலது நெற்றிப்பொட்டிலும் உச்சந்தலைக்குச் சற்று வலப்புறத்திலுமாக வைக்கும் ஒருபக்க முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இம்ப்ளாண்ட் இடக் காதில் இருந்தால் இது மிகப் பொருத்தமாக அமைந்துவிடும்: மின்சாரம் பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே ஓடும். வலக் காதில் இருந்தால்தான் சிக்கல். இடப்பக்கம் மாற்றினால் கருவி தப்பும், ஆனால் வலக்கைப் பழக்கமுள்ள பெரும்பாலோருக்கு மொழியும் சொல்நினைவும் இடப்பக்க மூளையைச் சார்ந்திருப்பதால், சொற்களை நினைவுகூர்வதில் தற்காலிகத் தடுமாற்றம் கூடுதலாக வரலாம். கேட்ட சொல்லைப் புரிந்துகொள்ளவே தனிமுயற்சி எடுக்கும் ஒருவருக்கு இது சிறிய விலையல்ல.

அடுத்த வழி இருநெற்றி முறை. கண்களின் வெளிமூலைகளுக்கு நேர் மேலே சுமார் ஐந்து சென்டிமீட்டரில் இரு மின்முனைகளும் வைக்கப்படுகின்றன. இரண்டுமே காதுகளிலிருந்து முன்னே தள்ளி நிற்பதால், இரு காதுகளிலும் இம்ப்ளாண்ட் உள்ளவர்களுக்கு எஞ்சியிருக்கும் நியாயமான தேர்வு இதுவே. எந்த முறையானாலும், முதல் அமர்வில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி வலிப்புக்கான எல்லையைக் கண்டறிந்து, தேவைக்கு மேல் ஒரு துளியும் கூட்டாமல் சிகிச்சை அளவை நிர்ணயிப்பது இவர்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

சிறிய விஷயம் ஒன்று பலரின் கண்ணில் படாமல் போகிறது. வலிப்பை அளக்க மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஒட்டுப்பட்டைகளில் ஒன்றைப் பழக்கதோஷத்தில் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மேல் ஒட்டுவார்கள். இம்ப்ளாண்ட் பக்கத்தில் அங்கே ஒட்டக் கூடாது. மின்முனைகளுக்குத் தடவும் ஜெல் வழிந்து முடிக்குள் பரவி மின்சாரத்துக்குப் புதிய பாதை அமைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் அமர்வுக்கு முன் என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டும்?

கருவியின் மாதிரி, பொருத்திய ஆண்டு, எந்தக் காது, தரை மின்முனை இருக்கிறதா என்ற விவரங்களை அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து பெற வேண்டும். தலை எக்ஸ்-ரே எடுத்துக் கருவியின் இடத்தை உறுதிசெய்து, தோலின் மேல் பேனாவால் அதன் எல்லையை வரைந்துவிடுவது எளிய, ஆனால் மிகப் பயனுள்ள வழி. ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு உள் மின்முனையின் மின்தடையையும் கணினி வழியே அளந்து, அன்றைய மேப்பிங்கை (அவருக்கென்று கருவியில் அமைத்திருக்கும் மின்னளவுகளை) சேமித்து, பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையும் பதிவுசெய்ய வேண்டும். இந்த முதல் பதிவு இல்லாவிட்டால், பிறகு ஏதாவது மாறியதா என்று ஒப்பிட எதுவுமே இருக்காது. மின்தடையை முதல் சில அமர்வுகளில் ஒவ்வொன்றும் முடிந்த பின்னும், பிறகு இடைவெளி விட்டும் அளக்கலாம்.

அறுவை செய்து சில வாரங்களே ஆகியிருந்தால், காயம் ஆறும்வரை காத்திருக்க முடியுமா என்று அறுவை மருத்துவரைக் கேட்பது அவசியம்.

சிகிச்சை அன்று பிராசஸரை எப்போது கழற்ற வேண்டும், எப்போது மாட்ட வேண்டும்?

மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அமைதியைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம். பிராசஸரைக் கழற்றிய கணத்தில் அவருக்கு உலகம் மௌனமாகிவிடுகிறது. காத்திருப்பு அறையிலேயே கழற்றி வாங்கிவிட்டால், சக்கரப் படுக்கையில் படுத்தபடி, விளக்குகள் மேலே நகர, தன்னைச் சுற்றி முகக்கவசம் அணிந்த பலர் ஏதோ பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே அவர் உள்ளே போகிறார். உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் அவை துணிக்குப் பின்னால் இருக்கின்றன. ஏற்கெனவே அச்சத்திலும் சந்தேகத்திலும் உழலும் மனத்துக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே மயக்க மருந்து செலுத்தப்படும் வரை பிராசஸர் காதிலேயே இருக்கட்டும். அவர் உறங்கியபின் ஒருவர், இன்னார் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஒருவர், அதைக் கழற்றிப் பெயர் எழுதிய பெட்டியில் வைக்க வேண்டும். மின்சாரம் செலுத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன் "பிராசஸர் கழற்றப்பட்டது" என்று அவர் உரக்கச் சொல்வதும் சரிபார்ப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும். வலிப்பு முடிந்து, மூச்சு சீராகி, கண் திறக்கும் நேரத்தில் அதே கை அதைத் திரும்ப மாட்ட வேண்டும். தலையணையில் இம்ப்ளாண்ட் இருக்கும் பக்கம் அழுந்தாமல் தலையைத் திருப்பி வைப்பதும் நல்லது.

விழித்தெழும்போது சில நிமிடங்கள் குழப்பம் இருப்பது இ.சி.டி.யில் இயல்பு. உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேட்டு, சரியாகப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதைக் குறிப்பார்கள். பிராசஸர் இல்லாத காதில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் பதில் வராது. பதில் வராததை நீடித்த குழப்பம் என்று எழுதிவிட்டால், அடுத்த அமர்வுகளில் மருந்தும் மின்னளவும் தவறான காரணத்துக்காக மாற்றப்படலாம். பேட்டரி தீர்ந்துபோனதைக் கவனிக்காததும் இதே விளைவைத் தரும். பெரிய எழுத்தில் "நீங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்கள். சிகிச்சை முடிந்தது. நலமாக இருக்கிறீர்கள்" என்று எழுதிய அட்டை ஒன்று கையில் இருந்தால், அது அந்த முதல் நிமிடத்துக்கு எந்த மருந்தையும் விட உதவும். சைகை மொழி பேசுபவராக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் விழிக்கும் அறையில் இருக்க வேண்டும், வாசலில் அல்ல.

நோயாளிக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன. அது இம்ப்ளாண்டால் இருக்குமா?

பிராசஸரைக் கழற்றிய பிறகும் குரல் கேட்கிறதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். கழற்றியும் கேட்டால் அது வெளி ஒலியல்ல. கேள்வி குறைந்தவர்களுக்கு இரைச்சலும், சில நேரம் இசை போன்ற ஒலிகளும் உணரப்படுவதுண்டு. அவற்றை மனநோயின் குரல்களிலிருந்து பிரித்தறியாமல் இ.சி.டி.க்குப் போய்விடக் கூடாது.

எலும்பில் பொருத்தும் செவிக்கருவி, நடுக்காதுக் கருவி போன்றவற்றுக்கும் இதே விதியா?

ஒவ்வொன்றும் வேறு. காதில் மாட்டும் சாதாரண செவிக்கருவியைக் கழற்றிவிட்டால் போதும். காது எலும்புக்குப் பதிலாக வைக்கும் ஸ்டேபீஸ் குச்சி போன்றவற்றில் மின்னணுச் சுற்று எதுவும் இல்லாததால் அவை மிகக் குறைந்த கவலையே. எலும்பில் திருகிய டைட்டானியத் தண்டின் மேல் மாட்டும் கருவியில், வெளிப்பகுதியைக் கழற்றிய பின் எஞ்சுவது உலோகம் மட்டுமே. மின்முனையை அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தோலுக்கடியில் சுருளும் அதிர்வியும் உள்ள எலும்புவழிக் கருவிகள், நடுக்காது இம்ப்ளாண்டுகள், மூளைத்தண்டு இம்ப்ளாண்டுகள் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன எல்லா எச்சரிக்கைகளும் பொருந்தும். முழுவதும் உள்ளேயே பேட்டரியோடு அமைந்த கருவிகளும் உண்டு, அவற்றை அணைக்கும் முறையைத் தயாரிப்பாளரிடமே கேட்க வேண்டும்.

மின்சாரத்துக்குப் பதிலாகக் காந்தத் தூண்டல் செய்தால் பாதுகாப்பல்லவா?

இல்லை. மென்மையான சிகிச்சை என்று பெயரெடுத்திருப்பதால் பலர் இப்படி நினைக்கிறார்கள். டி.எம்.எஸ். எனப்படும் அந்த முறை தலைக்கு வெளியே வலுவான, வேகமாக மாறும் காந்தப்புலத்தை எழுப்புகிறது. தோலுக்கடியில் காந்தமும் கம்பிச் சுருளும் உள்ள இம்ப்ளாண்டில் அது மின்சாரத்தைத் தூண்டலாம், காந்தத்தை அசைக்கலாம். டி.எம்.எஸ். குறித்த சர்வதேசப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில், செய்யவே கூடாதவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவோரே காக்ளியர் இம்ப்ளாண்ட் உள்ளவர்கள்தான். உண்மையான மாற்றுகளை மருந்துகளிடையேதான் தேட வேண்டும்: மனச்சோர்வு மருந்துகளின் சேர்க்கைகள், லித்தியம், கெட்டமின், கேட்டடோனியாவுக்கு லோரஸெபாம். இவற்றை இயன்றவரை முயன்று பார்த்திருக்கிறார்களா என்று கேட்பது குடும்பத்தாரின் உரிமை.

சம்மதக் கையெழுத்துக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

மின்முனைகளை எங்கே வைக்கப் போகிறீர்கள், ஏன் அங்கே? கருவி கெட்டால் மாற்றும் அறுவைக்கு யார் பொறுப்பேற்பார்கள், அதுவரை இவர் எப்படிப் பேசுவார், கேட்பார்? சிகிச்சை செய்யாமல் விட்டால் அடுத்த சில வாரங்களில் என்ன நடக்கலாம்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்க வேண்டும். பதில்கள் நோயாளிக்கே சொல்லப்பட வேண்டும், பிராசஸர் மாட்டிய நிலையில், அமைதியான அறையில், முகம் பார்த்து. உடன் வந்தவரிடம் பேசிவிட்டு, அவர் தலையசைப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நடக்கவே கூடாத ஒன்று.

அமர்வுகளுக்குப் பின் ஒலி மாறியதுபோல் தோன்றினால்?

ஒலி மங்குவது, கரகரப்பது, சில சுருதிகள் கேளாமல் போவது, முகத்தில் துடிப்பு, காதருகே வலி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த அமர்வை நிறுத்திவைத்து அன்றே ஆடியாலஜிஸ்டைப் பார்க்க வேண்டும். எப்போதும் கருவி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. காயில் சற்று விலகியிருக்கலாம், அதன் வெளிக் கம்பி தளர்ந்திருக்கலாம், சில நேரம் சிகிச்சையின் களைப்பில் கேட்டதைப் புரிந்துகொள்ளும் கவனமே குறைந்திருக்கலாம். முதல் நாளில் சேமித்த மின்தடைப் பதிவோடு இன்றைய பதிவை ஒப்பிட்டால் சில நிமிடங்களில் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். உள் மின்முனைகளில் ஓரிரண்டு மட்டும் மாறியிருந்தால் அவற்றை அணைத்து மீதியைக் கொண்டு மேப்பிங்கைத் திருத்தியமைக்கலாம். எல்லாமே மாறியிருந்தால், மேற்கொண்டு இ.சி.டி. தொடர்வதா என்பதை அதே நால்வரும் நோயாளியும் மறுபடியும் உட்கார்ந்து பேச வேண்டும்.